பூ விழுந்த நேரம்

தோளுக்கு ஒன்றாக இரண்டு அரளிப் பூக்களை ஆத்தாள் சிலையின் மேல் ஈரத்தோடு ஒட்டிவைத்துவிட்டுக் கோயில் பண்டாரம் கீழே உட்கார்ந்தார்.

வலப்பூ முதலில் விழுந்தால் மயிலாத்தாள் புருஷன் வீட்டிலேயே இருக்கலாம். இடப்பூ முதலில் விழுந்தால், வெளியே வேம்படியில் காத்திருக்கும் அப்பனின் வண்டியில் ஏறிக் கிணத்துக்கடவுக்குப் போய்விட வேண்டும். இரண்டு வயது மகன் இங்கேயே இருப்பான்.

பகலெல்லாம் தூங்கி விழுகிற மருமகள் ஒரு குடும்பத்துக்கு ஆவாளா, மாட்டாளா என்பதுதான் கேள்வி.

மகன் பிறந்த மாதத்தில் தொற்றிக்கொண்ட இழுப்பு அது. இரவில் படுத்தால் மூச்சு முட்டும். ஊரெல்லாம் உறங்க, அவள் சுவரோரம் உட்கார்ந்து மூச்சோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பாள். விடிந்ததும் தூக்கம் கண்ணைச் சுழற்றிக்கொண்டு வரும்.

பருத்திக் காட்டில் தூங்கினாள். அடுப்பில் வைத்த களியை அடிப்பிடிக்க விட்டாள். ஒருமுறை மாமியார் நாச்சியம்மாளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே தூங்கிப்போனாள். களியை மன்னித்த மாமியார் அதை இன்றுவரை மன்னிக்கவில்லை.

கோயமுத்தூர் டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்தார். ராத்திரித் தூக்கம் கெட்டவளுக்குப் பகலில் தூக்கம் வராமல் என்ன செய்யும் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை.

நீலகிரி மலையிலிருந்து பைக்காரா கரண்டு வந்து, மில்லுகளில் ஆட்கள் ராத்திரி முழுக்க விழித்து வேலை செய்கிற காலம். அவர்கள் பகலில் தூங்கினால் யாரும் கோயிலுக்குப் போய்ப் பூக் கேட்பதில்லை.

பூ விழும்வரை யாரும் எழக்கூடாது. பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக்கூடாது. காலையில் உட்கார்ந்தவர்கள் வெயில் உச்சிக்கு வந்தும் உட்கார்ந்திருந்தார்கள். ஆனி மாதத்துப் பாலக்காட்டுக் காற்று வாசல் வழியே வந்து உடம்பைத் தடவிக்கொண்டே இருந்தது.

நாச்சியம்மாள் பூவைப் பார்க்கவில்லை. மருமகளின் இமையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆத்தாள் சந்நிதியிலேயே இவள் தூங்கிவிட்டால் அப்புறம் எந்தப் பூவும் விழவேண்டியதில்லை.

மயிலாத்தாள் தொடையைக் கிள்ளிக்கொண்டாள். நாக்கைக் கடித்தாள். மெட்டியை விரலோடு சேர்த்து அழுத்தித் திருகினாள்.

முதலில் சாய்ந்தது மாமியாரின் தம்பி அங்கப்பன். பூக் கேட்கலாம் என்ற யோசனையே அவருடையது. சும்மா இடுப்பை நீட்டுவதாகச் சொல்லித் துண்டை விரித்தவர், அடுத்த நிமிஷம் வாயைப் பிளந்துவிட்டார். பிறகு அவள் புருஷன் திருமூர்த்தி, மகனை மார்மேல் போட்டுக்கொண்டு தூங்கினான். பண்டாரம் மணியைக் கையில் பிடித்தபடியே சரிந்தார். கடைசியில் நாச்சியம்மாளும் சீலைத் தலைப்பைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டு குறட்டை விட ஆரம்பித்தாள்.

இவர்கள் தூங்கினால் அசதி. அவள் தூங்கினால் மூதேவி.

மயிலாத்தாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விழுகிற பூ எந்தப் பக்கம் வேண்டுமானாலும் விழட்டும், பெற்ற பிள்ளையை விட்டுவிட்டு நான் போவதாக இல்லை என்று மனசுக்குள் ஆத்தாளிடம் நேராகவே சொன்னாள். காலைச் சப்பணமிட்டு, முதுகை நிமிர்த்தி, ஆத்தாளின் முகத்தையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"ஐயோ, ஆத்தா!"

பண்டாரம் போட்ட கூச்சலில் எல்லாரும் வாரிச்சுருட்டிக்கொண்டு எழுந்தார்கள்.

இரண்டு தோளிலும் பூ இல்லை. இரண்டும் விழுந்து, காற்றில் உருண்டு, மூலையில் ஒன்றாகக் கிடந்தன. எது முதலில் விழுந்தது, எது பிறகு விழுந்தது என்று சொல்ல ஒரு தடயமும் இல்லை. ஒரே கேள்வியை ஆத்தாளிடம் வருஷத்துக்குள் இரண்டாம் தரம் கேட்கவும் கூடாது.

அங்கப்பன் கடைவாயைத் துடைத்தார். திருமூர்த்தி தலையைக் குனிந்துகொண்டான். பண்டாரம் சுற்றிலும் பார்த்தார். அந்தக் கோயிலுக்குள் சப்பணம் கலையாமல், முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தது ஒரே ஒருத்திதான்.

"நீங்களாச்சும் பாத்தீங்களா அம்மணி? எந்தப் பூவுங்க மொதல்ல உழுந்துது?"

நாச்சியம்மாள் குறுக்கே ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். அவள் கன்னத்தில் சீலை மடிப்பின் தடம் அப்படியே பதிந்திருந்தது. எல்லாரும் அதைப் பார்ப்பது தெரிந்ததும் வாயை மூடிக்கொண்டாள்.

மயிலாத்தாள் ஒவ்வொரு முகமாக, அவசரப்படாமல் பார்த்தாள். யாரும் அவள் கண்ணைப் பார்க்கவில்லை.

"வலப்பூத்தானுங்க. நீங்க அத்தன பேரும் தூங்கிப்போட்டீங்க, நாந்தான் பாத்துக்கிட்டே இருந்தனுங்க."

மறுத்துப் பேச அங்கே ஆளில்லை. பண்டாரம் கற்பூரத்தை ஏற்றினார். திருமூர்த்தி மகனைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தான். வேம்படியில் அப்பன், தனியாகத் திரும்பிப் போவதற்கு, சந்தோஷமாக மாட்டைப் பூட்டினார்.

மயிலாத்தாள் ஆத்தாளைக் கும்பிட்டாள். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. எதற்குக் கேட்க வேண்டும்?

படுக்க முடியாமல் போன இரண்டு வருஷத்தில், உட்கார்ந்த வாக்கிலேயே தூங்கப் பழகிவிட்ட உடம்பு அது. பண்டாரம் போட்ட கூச்சலில் கண் விழித்தவர்களில் அவளும் ஒருத்தி.