டென் மினிட்ஸ்

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, ஒரு பஸ்ஸை ரசம் ஊற்றி நிறுத்திய கதை சொல்கிறேன். நெடுஞ்சாலை ஓட்டல் வாசலில் கண்டக்டர், "டென் மினிட்ஸ்தான், அப்புறம் யாருக்காகவும் நிக்காது!" என்று கத்தினார். டிரைவருக்கு ஓட்டல்காரர் இனாமாகப் போடும் சாப்பாடு முடிகிற நேரம்தான் அந்த டென் மினிட்ஸ் என்பது அந்த பஸ்ஸில் வந்த தங்கபுஷ்பத்துக்குத் தெரியும். கழிப்பறை வரிசையின் கடைசியில், முட்டிவலியோடு அவள் மாமியார் நின்றாள். உள்ளறையில் டிரைவர் இலையை மூடப் போனார். தங்கபுஷ்பம் ஓடிப்போய், பரிமாறும் வாளிகளை எடுத்து, அந்த இலையில் சோற்றைத் தள்ளி ரசத்தை ஊற்றினாள்.

"யாரும்மா நீ?"

"உங்க பஸ்ல வர்றவதாண்ணே. அரை வயித்தோட வண்டி ஓட்டலாமா?"

கண்டக்டர் எட்டிப் பார்த்தார். "என்னண்ணே, இன்னுமா?"

"இலையில சோறு கெடக்குய்யா! விட்டுட்டு எந்திரிக்கச் சொல்றியா?"

ரசத்துக்குப் பின் மோர், மோருக்குப் பின் இன்னொரு கை சோறு. ஜன்னல் வழியே, மாமியார் கம்பியைப் பிடித்துப் பஸ் படியேறி உள்ளே போவதைப் பார்த்த பிறகுதான் தங்கபுஷ்பம் வாளியைக் கீழே வைத்தாள். அவள் பஸ்ஸில் ஏறியதும், ஜன்னல் வழியே எல்லாம் பார்த்திருந்த பெண்கள் போட்ட குலவையில் கண்டக்டரே சிரித்துவிட்டார்.

உங்கள் வீட்டிலும், கண்ணுகளா, கடைசி ஆள் வந்து சேரும்வரை சோறு தீராதிருக்கட்டும்.