வெறும் தண்ணீர்

மிஷிகன் பனியின் வெளிச்சம் பட்டறைக்குள் நுழைந்து, பழைய சிவப்புக் காரின் எஞ்சினில் ஓடும் விரிசலைக் காட்டுகிறது. குளிரில் உறையாத கூலன்ட் திரவத்தை ஊற்ற வேண்டிய இடத்தில் வெறும் தண்ணீரை ஊற்றியவர் காரின் சொந்தக்காரரான முதியவர் வெர்னன். அது உறைந்து இரும்பைப் பிளந்துவிட்டது. ஊற்றியது அவர் நினைவில் இல்லை. "இதையே சரிபண்ணா கோடை ஆயிடும்மா. வேற எஞ்சின்னா அடுத்த வாரமே ஓடும்," என்கிறான் மெக்கானிக் லைல், வெர்னனின் மனைவி மார்லீனிடம். கல்யாணத்துக்கு முன்பு தானே பிரித்துப் பூட்டிய எஞ்சினை வெர்னன் தடவுகிறார். "எந்த மடையன் இதுல தண்ணிய ஊத்தினான்?" மார்லீன் கையுறையை மெல்லக் கழற்றுகிறாள். "நான்தான்." அவர் அவள் தோளைத் தட்டிக்கொடுக்கிறார். "சரி, விடு. அடுத்த தடவை என்னை ஒரு வார்த்தை கேளு." "கேக்கிறேன்," என்றவள், லைல் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்துகிறாள். "வேற எஞ்சினே போட்டுடு தம்பி. கோடையில, இது யார் காருன்னு கேப்பாரு."