சளக் புளக் யானைக்குட்டி

"இந்தப் புத்தகத்தை வித்தது நீங்கதானே?"

கேட்ட குரலில் கடையே திரும்பிப் பார்த்தது. கடை என்றால் பெரிய கூட்டமெல்லாம் இல்லை. கைடு வாங்க வந்த டியூஷன் டீச்சர் ஒருவர்தான். ஆனால் வருஷா வருஷம் கட்டுக் கட்டாக வாங்குகிறவர். அவர் ஒருவர் திரும்பினால், புத்தகக் கடைக்காரருக்கு ஊரே திரும்பின மாதிரி.

வந்த பெண்மணி கையிலிருந்த பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்தாள். மேஜைமேல் பொத்தென்று விழுந்தது ஒரு சேற்றுக் கட்டி.

கடைக்காரர் நகத்தால் சுரண்டிப் பார்த்தார். முதலில் ஒரு தும்பிக்கை தெரிந்தது. அப்புறம் 'சளக்' என்று ஒரு எழுத்து.

அட, 'சளக் புளக் யானைக்குட்டி'!

சின்னக் குழந்தைகளுக்கான படப் புத்தகம். ஒரு யானைக்குட்டி மழையில் வெளியே ஓடி, சேற்றில் புரண்டு, தலை முதல் வால் வரை பூசிக்கொண்டு திரும்பும். பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாமல், "யாருப்பா அது, நடந்து வர்ற குட்டிச்சுவரு?" என்று கேட்கும். அவ்வளவுதான் கதை.

"நம்ம கடைதாம்மா. ரொம்ப நல்ல புத்தகம். கற்பனை வளரும்."

"கற்பனையா? மழை விட்டா போதும், வீடு தங்கறதில்ல! பக்கத்துக் காலி மனையில தண்ணி தேங்கிக் கிடக்கு. அதுல தொபுக்கடீர்னு ஒரு குதி. அப்புறம் புரளல். மூஞ்சி, காது, மூக்கு எல்லாம் சேறு. அதோட தெருவுல ஊர்வலம் வேற! எதிர்வீட்டு நாய், குரைக்கறதா ஓடறதான்னு தெரியாம முழிக்குது. குளிச்சு ஓடற தண்ணியைத் தேக்கி வெச்சா செங்கல் அறுக்கலாம் சார்!"

டீச்சர் கையிலிருந்த கைடை மூடினார். "இதையெல்லாம் கடையில வெக்கலாமா சார்?"

கடைக்காரர் டீச்சரை ஓரக்கண்ணால் பார்த்தார். கற்பனையை அங்கேயே கைகழுவினார்.

"நான் அப்பவே நினைச்சேம்மா. பதிப்பகத்துக்காரங்கதான் என் தலையில கட்டிட்டாங்க. பொறுப்பில்லாத புத்தகம். ஆமா, பையன் என்ன படிக்கிறான்?"

"பையனா? நான் என் வீட்டுக்காரரைச் சொல்றேன்."

டீச்சர் கையிலிருந்து கைடு நழுவிக் கீழே விழுந்தது.

"வீட்டுக்காரர்னா…" கடைக்காரர் ஒரு நப்பாசையோடு இழுத்தார். "உங்களுக்கு வாடகைக்கு வீடு விட்டவரா?"

"நான் கட்டிக்கிட்டவர் சார்! புத்தகம் பொண்ணுக்குத்தான் வாங்கினேன். இப்ப அப்பாவும் பொண்ணும் சேர்ந்து அடிக்கற கூத்து இது. முந்தாநாள் அந்தக் கோலத்துலயே பால் வாங்கப் போயிருக்காரு. கடைக்காரம்மா பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுட்டு ஷட்டரை இறக்கிட்டாங்க!"

"நல்ல டாக்டராப் பாருங்கம்மா. முத்தறதுக்குள்ள," என்றார் டீச்சர். பிறகு கடைக்காரர் பக்கம் திரும்பினார். "வளர்ந்த மனுஷனையே இந்தப் பாடு படுத்துதுன்னா, பிஞ்சுங்க கதி என்ன ஆகறது?"

கடைக்காரர் பதறி எழுந்தார். கண்ணாடி அலமாரியைத் திறந்து, வரிசையாக நின்ற யானைக்குட்டிகளை அள்ளிக் குப்பைப் பெட்டியில் போட்டார்.

"போதுமாம்மா? டீச்சர், நீங்களே பாத்துக்குங்க. எல்லாம் பழைய பேப்பருக்குத்தான். இனிமே இந்த யானை என் கடை வாசலை மிதிக்காது."

"ஐயோ, ஏன் சார் தூக்கிப் போடறீங்க?" அவள் பாய்ந்து வந்து பெட்டியை இழுத்துக்கொண்டாள்.

"நீங்கதானேம்மா இவ்வளவு நேரமா திட்டினீங்க?"

"திட்டினேனா? சந்தோஷம் வந்தா எனக்குக் குரல் இப்படித்தான் வரும். பழசு சேறாயிடுச்சு, புதுசு ஒண்ணு வாங்கத்தான் வந்தேன்."

கடைக்காரர் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் கடைக்காரரைப் பார்த்தார். டாக்டர் வீட்டுக்காரருக்கு மட்டும் போதாது போலிருக்கிறது.

அவள் பெட்டியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டினாள். இப்போது குரல் தணிந்திருந்தது.

"அவரு ஒரு கிடங்குல பொறுப்பாளரா இருந்தாரு சார். சரக்கு காணோம்னதும், அவர்தான் திருடிட்டாருன்னு எல்லார் முன்னாடியும் வெளியே அனுப்பிட்டாங்க. அப்புறம் சரக்கு அவங்களோட இன்னொரு கிடங்குலயே கிடைச்சுது. தப்பு எங்க மேலதான், திரும்ப வாங்கன்னு வீட்டுக்கே வந்து கூப்பிட்டாங்க. இவருதான் போகல. 'எந்த முகத்தை வெச்சுக்கிட்டுத் தெருவுல நடப்பேன்'னு கதவைச் சாத்திக்கிட்டு உக்காந்தவருதான். ஒரு வருஷமா ஜன்னலைக்கூடத் திறக்கல."

அவள் அட்டையில் இருந்த யானைக்குட்டியைத் தடவினாள்.

"பொண்ணுதான் இந்தப் படத்தைக் காட்டிச்சு. 'சேத்தைப் பூசிக்கிட்டா உன்னை யாருக்கும் தெரியாதுப்பா, வா'ன்னு கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போச்சு. தெரு ஆளுங்க மறுநாளே குரலை வெச்சுக் கண்டுபிடிச்சுட்டாங்க. சிரிச்சாங்க. கூட நின்னு பேசவும் பேசினாங்க. 'ஊரு என்மேல வாரி இறைச்ச சேத்துக்கு, இது சந்தனம்டி'ன்னாரு."

டீச்சர் குனிந்து பெட்டியிலிருந்து இன்னொரு புத்தகத்தை எடுத்துப் புரட்ட ஆரம்பித்தார். பார்வை மட்டும் படத்தில் இல்லை.

கடைக்காரர் குப்பைப் பெட்டியை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "இப்ப… அவரு எங்கம்மா? அந்தக் காலி மனையிலயா?"

"இல்ல சார்," என்றாள் அவள். "இன்னிக்குக் காலையில மூஞ்சியைக் கழுவிட்டு, வேலைக்குக் கிளம்பிட்டாரு."