சிவப்புக் கோடு தீர்வதற்குள்

"மறுபடியும் கொன்னுட்டாளா அண்ணே?"

சிமெண்டு மூட்டை மேல் உட்கார்ந்திருந்த மௌனசாமி, செல்போனைத் தொடையில் கவிழ்த்துவிட்டுத் தலையாட்டினார்.

"இன்னிக்கு எதுல? விஷமா, கிணறா?" என்றான் லாரி டிரைவர்.

"நாய்."

"நாயை அவுத்து விட்டுட்டாளா? அடிப்பாவி!"

மௌனசாமி என்பது குடோனில் மற்றவர்கள் வைத்த பெயர். ஆள் மூட்டையை ஏற்றுவார், இறக்குவார், வாயை மட்டும் திறக்க மாட்டார். அப்பேர்ப்பட்டவர் பத்து நாளாகச் செல்போனில் ஒரு காதல் விளையாட்டோடு மல்லுக்கு நிற்கிறார். அதில் படம் கிடையாது, எல்லாம் எழுத்துதான். கறுப்பு மாளிகையில் தனியாக ஒருத்தி இருக்கிறாள். அவள் ஏதாவது சொல்வாள். கீழே மூன்று பதில் வரும், ஒன்றைத் தொட வேண்டும். தொடுகிற பதிலுக்குத் தகுந்தபடி கதையின் முடிவு மாறும். மேலே ஒரு சிவப்புக் கோடு குறைந்துகொண்டே வரும். அது தீர்வதற்குள் பதில் சொல்லவில்லை என்றால் ஆளைத் தீர்த்துவிடுவாள்.

அவசரப்பட்டு முதல் பதிலைத் தொட்டாலும் அதே கதிதான்.

மௌனசாமி தலை நரைத்த பிறகு மாலை வகுப்புக்குப் போய் எழுத்துக் கூட்டக் கற்றவர். அவரும் மனைவியும் ஒரே பெஞ்சு. அவள் கடகடவென்று எழுதிப் படித்து முன்னால் போய்விட்டாள். இவர் முதல் பதிலைக் கூட்டி முடிப்பதற்குள் கோடு பாதி கரைந்திருக்கும். மூன்றாவது பதில் எப்படி இருக்கும் என்றே அவருக்குத் தெரியாது.

"படிச்சுப் பழகுங்கப்பான்னு உன் பொண்ணு நல்ல சாமானைத்தான் ஏத்திக் குடுத்துட்டுப் போயிருக்கு. நீ படிச்சு முடிக்கறதுக்குள்ள அவ பாடை கட்டிடறா" என்றார் மேஸ்திரி. "அது போகட்டும், வீட்டுல சமாதானம் ஆச்சா?"

மௌனசாமி இல்லை என்று தலையாட்டினார். மனைவி கோபித்துக்கொண்டு மகளோடு அண்ணன் வீட்டுக்குப் போய் ஒரு மாதம் ஆகிறது. இடையில் மகள் மட்டும் துணி எடுக்க வந்து போனாள். மனைவியை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் மனுஷன் பாதியாக இளைத்துவிட்டார்.

"அப்படி என்னய்யா சொன்னே அவங்களை?"

"நான் ஒரு வார்த்தை சொல்லலியே!"

"அதான்யா குத்தம்! கல்யாணம் ஆன நாள்லேருந்து அவங்க கேட்டதுக்கெல்லாம் பதில் பாக்கி வெச்சிருக்கே. பெட்டியைத் தூக்கிட்டுக் கிளம்பினப்பவாவது வாயைத் தொறந்தியா?"

"வழி விட்டு நின்னேன்."

டிரைவர் நெற்றியில் அடித்துக்கொண்டான்.

"இவனை இப்படியே விட்டா ரெண்டு இடத்துலயும் செத்துடுவான். போனை எடு" என்றார் மேஸ்திரி. "டிரைவர், நீ முதல் பதிலைப் படி. ரெண்டாவது எனக்கு. நீ மூணாவதை மட்டும் பாருய்யா, வேற எங்கயும் கண்ணை ஓட்டாதே."

மூன்று தலைகள் ஒரு போனின் மேல் முட்டிக்கொண்டன.

*புது உடை உடுத்தியிருக்கிறேன். கவனித்தாயா?*

"ஒண்ணு, என்ன விலை?" என்றான் டிரைவர்.

"ரெண்டு, எனக்குத் தூக்கம் வருது!" என்றார் மேஸ்திரி.

"உ... ன... க்கு... நல்லா..."

"தொடுய்யா, தொடுய்யா!"

தொட்டார். கதை நிற்காமல் மேலே போனது. மௌனசாமி தன் நெஞ்சைத் தடவிப் பார்த்தார்.

"உசுரோட இருக்கேன்!"

*நின்று நின்று கால் வலிக்கிறது.*

"ஒண்ணு, எனக்கும்தான்!"

"ரெண்டு, சாப்பாடு ஆச்சா? ஐயையோ, இது தினமும் வீட்டுல நான் கேக்கறதாச்சே."

"உக்... காரு... நான் பாத்து... க்கறேன்."

அதற்கும் நாய் வரவில்லை. மாளிகையில் ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்துகொண்டே வந்தது. டிரைவர் சாப்பாட்டை மறந்தான். வெளியே லாரிக்காரர்கள் ஹாரன் அடித்ததை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

*அவள் விளக்கை அணைத்துவிட்டு வாசல் கதவைத் திறந்தாள். "நான் போகிறேன்" என்றாள்.*

இந்தத் தடவை பதில்கள் நீளமாக வந்தன. டிரைவரும் மேஸ்திரியும் ஒரே நேரத்தில் படிக்க, ஒன்றும் விளங்கவில்லை. மௌனசாமிக்கு எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்தது. சிவப்புக் கோடு நகத்தளவுக்கு வந்துவிட்டது.

"போகாதே!"

குடோன் தகரம் அதிர்ந்தது. எடை போடுகிறவர் எட்டிப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அந்தக் குரலை இவ்வளவு உரக்க அங்கே யாரும் கேட்டதில்லை. கத்திய வேகத்தில் மௌனசாமி மூன்றாவது பதிலைக் கட்டைவிரலால் அழுத்தியிருந்தார்.

திரை இருண்டது.

"போச்சு, கிணத்துலதான் தள்ளப்போறா" என்றான் டிரைவர்.

தள்ளவில்லை. மெல்ல வெள்ளை எழுத்துகள் வந்தன. மேலே கோடு இல்லை. அவசரமும் இல்லை. மௌனசாமி விரலை வைத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தார்.

"கடைசி முடிவு... அவள்... திரும்பி... வருகிறாள்."

"நீ ஜெயிச்சுட்டே அண்ணே!" என்று டிரைவர் குதித்தான்.

"இருடா, இன்னும் இருக்கு." அவர் விரல் நகர்ந்தது. "கம்ப்யூட்டர் வேலை... உங்கள் மகள். கதை, வசனம், விஷம்..."

விரல் அங்கேயே நின்றது. திரும்ப ஒரு தடவை கூட்டினார்.

"...உன் பொண்டாட்டி. பதில் பாக்கி எல்லாம் தள்ளுபடி. பெட்டியைக் கட்டியே வெச்சிருக்கேன், வந்து தூக்கு."