பொங்கி வழியும் பால்

அண்ணனூர் ஸ்டேஷனுக்குப் பின்னால், வீடற்ற பெண்களுக்கான காப்பகம் சொர்ணத்துக்கும் மகளுக்கும் பார்த்துக்கொடுத்த வாடகை அறை. ஜன்னல் வெயிலில் புது அடுப்பு மினுங்குகிறது. பால் காய்ச்ச வந்திருக்கும் காப்பகத் தோழிகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பாத்திரத்தையே பார்க்கிறார்கள். நுரை விளிம்பைத் தொட்டதும் சொர்ணம் சட்டென்று அடுப்பை அணைத்துவிடுகிறாள். காப்பகச் சமையலறையில் ஒரு சொட்டும் சிந்தவிடாத கை அது. “அடியே, இன்னா வேல பண்ணிக்கீற! பொங்கி வயிஞ்சாத்தான் ஊடு விளங்கும்!” தோழிகளில் மூத்தவளான எல்லம்மா தலையில் அடித்துக்கொள்கிறாள். “வீணாப் பூடுமேக்கா...” “உன் ஊடு, உன் பாலு. யாரு கேக்கப் போறா?” சொர்ணம் ஒரு கணம் அவளையே பார்க்கிறாள். அடுப்பை மறுபடி பற்றவைத்துவிட்டுக் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்கிறாள். மகள் பானுப்பிரியா அவற்றை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறாள். பால் எழுந்து, வழிந்து, நெருப்பில் சீறி, மேடையில் வெள்ளையாக ஓடுகிறது. ரயில் சத்தத்தையும் மீறிக் குலவை எழுகிறது. “போதும்டி, அணை!” என்கிறாள் எல்லம்மா. சொர்ணம் சிரிக்கிறாள். “இரு அக்கா, இன்னுங்கொஞ்சம் வயியட்டும்.”