இரண்டு சாய்கோடுகள்

கிருஷ்ணராஜ் மடிக்கணினியை அம்மாவின் முன்னால் பாயில் வைத்துத் திறந்தான்.

தங்கம்மா முந்தானையால் கண்களைத் துடைத்துக்கொண்டாள். மகள் மதுஷாவின் முகத்தைப் பார்த்து ஆறு வருடமாகிறது. குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனவளைப் போன வாரம்தான் ரப்பர் மலையோரம் புதைத்தார்கள்.

குவைத்திலிருந்த தோழிகள் அவளுடைய படம் ஒன்றை இணையத்தில் ஏற்றியிருந்தார்கள். அதை வைத்து அவன் அக்காவுக்கு ஒரு நினைவுப் பக்கம் செய்திருந்தான். பலாங்கொடையில் முஹ்ஸின் நானாவின் இன்டர்நெட் கடையில் இணையப் பக்கம் செய்வதுதான் அவன் வேலை.

பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை அம்மா தோட்டத்து லயத்தை விட்டு இறங்கக் கூடாது. அதனால் பக்கத்தைப் பென் டிரைவில் போட்டு, நானாவின் மடிக்கணினியை இரவல் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினான்.

பக்கம் திறந்தது. அக்காவின் பெயர் வந்தது. பிறந்த தேதியும் வந்தது.

படம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கட்டம். அதன் மூலையில் சின்னதாக ஒரு சிவப்புப் பெருக்கல் குறி.

பூட்டுப் போட்ட https வழியில் திறந்தாலும் சாதாரண வழியில் திறந்தாலும் படம் தெரியட்டும் என்று, பட முகவரியின் முன்னாலிருந்த http: என்பதை வெட்டிவிட்டு இரண்டு சாய்கோடுகளை மட்டும் விட்டிருந்தான். பக்கம் எந்த வழியாக வந்ததோ அதே வழியில் படத்தையும் தேடும். கடையில் இணையத்திலிருந்து வந்தபோது அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள். இங்கே வந்தது பென் டிரைவிலிருந்து. படத்தை அதில் போடவில்லை; அதற்குள்ளேயே தேடிவிட்டுக் கையை விரித்துவிட்டது.

வெட்டியதைத் திரும்பச் சேர்க்கலாம்தான். ஆனால் இந்த மலையில் போனுக்கே சிக்னல் கிடையாது.

வேலை தெரிந்தவன் செய்கிற பிழை இது. தெரியாதவனாக இருந்தால் படத்தைப் பிரிண்ட் எடுத்துச் சட்டைப்பையில் கொண்டுவந்திருப்பான்.

"நாளைக்குக் கொண்டாறேன்மா" என்றான்.

தங்கம்மா கட்டத்தின் நாலு பக்கத்தையும் விரலால் தடவினாள்.

"இந்தப் பெட்டியையும் தெறக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்களா, ராஜு?"

விமானத்தில் அக்கா வந்த பெட்டியின் மேல் சிங்களத்தில் அப்படித்தான் எழுதி ஒட்டியிருந்தது. அம்மா மூடியில் கை வைத்தபோது, அதைத் தமிழில் படித்துச் சொன்னவன் அவன்தான்.