செய்தவர்

சிகிச்சையில் நேரும் தவறுகளைப் பதிவுசெய்ய எல்லா மருத்துவமனைக்கும் ஒரே படிவம் என்று உத்தரவு வந்த மாதத்தில்தான், டாக்டர் சடையப்பரின் மருத்துவமனையில் அவரோடு மருத்துவராக இருந்த மகன் ஒரு குழந்தைக்கு வலிப்பு மருந்தை இரண்டு மடங்கு கொடுத்துவிட்டான். குழந்தை பிழைத்துக்கொண்டது. முன்பென்றால் சடையப்பர் 'மருந்து ஒத்துக்கொள்ளவில்லை' என்று நோட்டில் எழுதி முடித்திருப்பார். இந்தப் படிவத்தில் குறியிடும் கட்டங்கள் மட்டுமே இருந்தன.

"தலையெழுத்துன்னு ஒரு கட்டம் இல்லையா, மரகதம்?"

"இல்லீங்கய்யா," என்றார் செவிலியர். "செய்தவர் மருத்துவரா, செவிலியரான்னு கேட்டிருக்காங்க. பேர் வேண்டாமாம்."

"நர்ஸுன்னு போட்டுடுங்கப்பா," என்றான் மகன். "யாருக்குத் தெரியப்போகுது?"

மரகதம் தரையைப் பார்த்தார்.

சடையப்பர் 'மருத்துவர்' கட்டத்தில் குறியிட்டார். பிறகு, யாரும் கேட்காத மகனின் பெயரை ஓரத்தில் எழுதினார். இனிஷியல் வரவேண்டிய இடத்தில் தன் பெயரை முழுதாக எழுதினார்.